ஃபில்டரை மாற்றினால் புல்லட் மாறுமா?

பழைய புல்லட்டின் ஆயில் ஃபில்டர் எஞ்சினின் வலப்பக்கத்து டைமிங் கவருக்குள் இருக்கிறது. கவரோடு சேர்த்தே வார்த்த ஒரு சிறிய அறை. அதற்குள் ஃபெல்ட் சுற்றிய ஓர் உருளை, அதை நிலையாகப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், சில வாஷர்கள், வெளியே ஒரு மூடி, மூடியின் நடுவில் ஒரே ஒரு நட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1949 வாக்கில் வடிவம் பெற்ற 346 சிசி எஞ்சின் இது. ரெட்டிச் நிறுவனம் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்ததில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் எஞ்சின்கள் 2010 வாக்கில் விடைபெறும்வரை, இந்த அறையின் அடிப்படை அமைப்பு அப்படியேதான் இருந்தது. ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சிவரை தோட்டத்துச் சாளைகளில் தாத்தா காலத்துப் புல்லட் ஒன்று சாக்குப் போர்த்தி நிற்கிறதென்றால், அதற்குள் இருப்பதும் இதே ஃபெல்ட் உருளைதான்.

அந்த உருளையை எடுத்துவிட்டு, மாற்றுவதற்குச் சுலபமான வேறொரு ஃபில்டரைப் பூட்டலாமா என்பது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. பூட்டிய பிறகு அது பழைய வண்டிதானா என்ற கேள்விக்கு மெக்கானிக்கிடம் மட்டும் விடை கிடைக்காது. ஒரு பொருளின் பாகம் மாறும்போது பொருளும் மாறுகிறதா என்று இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுகளாக வாதாடியிருக்கின்றன. அந்த வாதத்தில் கொங்கு மண்ணுக்கும் பங்கு உண்டு.

முதலில் இயந்திரம். பெரும்பாலான இன்றைய வண்டிகளில் எண்ணெய் எஞ்சினின் அடித்தட்டிலேயே தேங்கி நிற்கும். புல்லட்டில் அப்படியில்லை. அடித்தட்டு ஏறத்தாழ வறண்டே இருக்கும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு. அந்தக் காலத்து மற்றப் பிரிட்டிஷ் வண்டிகளில் தொட்டி சீட்டுக்கு அடியில் தனியாகத் தொங்கி, ரப்பர் குழாய்களால் எஞ்சினோடு இணைந்திருக்கும். புல்லட்டில் கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே தொட்டியையும் சேர்த்து வார்த்துவிட்டார்கள். ஒரு பம்ப் எண்ணெயைத் தொட்டியிலிருந்து இழுத்து, ஃபெல்ட் வழியாகத் தள்ளி, கிராங்கின் முனைக்குள் புகுத்தி, பிக் எண்ட் பேரிங்குக்கு அனுப்புகிறது. வேலை முடிந்து வழிந்த எண்ணெயை இன்னொரு பம்ப் அள்ளித் தொட்டிக்கே திருப்புகிறது. வெளியே குழாய் அதிகம் தெரியாத, அடக்கமான அமைப்பு.

ஆயில் மாற்றும் நாளில்தான் இதன் சங்கடம் தெரியும். நட்டைத் தளர்த்தியதும் மூடி உடனே வராது. பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பினால் அலுமினிய விளிம்பில் தழும்பு விழும். அந்தத் தழும்பு வழியே பிறகு எண்ணெய் கசியும். மூடி விலகியதும் கறுத்த எண்ணெய் சைலன்சர் குழாயிலும் விரல்களிலும் இறங்கும். உருளையை இழுத்தால் ஃபெல்ட் தேன்கூட்டு நிறத்தில் ஊறிப் போயிருக்கும். அதை மண்ணெண்ணெயில் அலசி வெயிலில் திருப்பிப் பார்த்தால் மடிப்புகளுக்குள் ஊசிமுனை அளவில் சில மினுமினுப்புகள் தெரியும். வெண்மையாக மின்னினால் பிஸ்டன் பக்கம் தேய்மானம். மஞ்சளாக மின்னினால் புஷ். தகடு தகடாக உரிந்த இரும்பு கிடைத்தால் அந்த வண்டியை அன்று ஓட்டக் கூடாது. கைதேர்ந்த மெக்கானிக் இந்தச் சோதனைக்குத் தனிக் கூலி வாங்குவதில்லை. அலசும்போதே கண் பார்த்துவிடுகிறது.

திரும்பப் பூட்டும்போதுதான் ஆபத்து. வாஷர்களின் வரிசை மாறினால் எண்ணெய் ஃபெல்ட்டைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு போகும். வரிசை சரியாக இருந்தாலும் அறை காலியாக இருக்கிறது. எஞ்சினை உடனே கிளப்பினால், பம்ப் அந்த அறையை நிரப்பி முடிக்கும்வரை பிக் எண்டுக்கு எண்ணெய் எட்டாது. பழைய வண்டிகளில் பல பிக் எண்டுகள் நெடுஞ்சாலையில் போனதாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் ஆயில் மாற்றிய பட்டறை வாசலிலேயே அவற்றின் ஆயுள் குறைந்திருக்கும்.

சுலபமாக்கும் வழிகள் மூன்று. எளியது, ஃபெல்ட்டுக்குப் பதில் அதே அறையில் அதே அளவில் காகித மடிப்பு ஃபில்டரைப் போடுவது. அலசும் வேலை இல்லை, எடுத்தெறிந்து புதிதை வைக்கலாம். அடுத்தது, சீட்டுக்கு அடியில் தொட்டி வைத்த பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன் வகை வண்டிகளுக்கு ஏற்றது: எஞ்சினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயின் நடுவில் ஒரு தாங்கியைப் பொருத்தி, கார்களில் உள்ளதுபோல் கையால் திருகிப் பூட்டும் டப்பா ஃபில்டரை மாட்டுவது. நார்ட்டன் கமாண்டோவுக்கு 1970-களின் தொடக்கத்தில் ஆலையிலேயே இப்படி ஒன்றைக் கொடுத்தார்கள். திரும்பும் குழாயைத் தேர்வதற்குக் காரணம் உண்டு: அங்கே அடைப்பு வந்தாலும் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் நிற்காது. பம்புக்கு முன்னால் இழுவைப் பக்கத்தில் மாட்டுகிறவர் எஞ்சினின் தொண்டையில் கை வைக்கிறார். புல்லட்டில் வெட்டி நுழைக்க அத்தகைய குழாய் கிடையாது. ஆகவே டப்பா ஃபில்டர்தான் வேண்டுமென்றால், டைமிங் கவரையே துளைத்தோ, மூடிக்குப் பதில் எண்ணெயை வெளியே எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவரும் ஒரு பாகத்தை லேத்தில் கடைந்தோ பூட்ட வேண்டும். இது மூன்றாவது வழி. கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பம்புக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் உதிரிபாகம் கடைந்து பழகிய கைகளுக்கு இந்த வேலை பெரிய காரியமும் இல்லை.

ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு நியாயமும் இருக்கிறது. இந்த எஞ்சின்கள் பிறந்த காலத்து எண்ணெய்க்கு அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் குணம் இல்லை. அழுக்கு சேறாகி ஆங்காங்கே படிந்துவிடும்; கிராங்குக்குள் அதற்கென்றே பொறிகூட வைத்திருந்தார்கள். பல வண்டிகளில் ஃபில்டர் என்று இருந்தது வெறும் கம்பி வலை. இன்றைய எண்ணெயோ அழுக்கைப் படிய விடாமல் சுமந்துகொண்டே சுற்றுவது. சுமந்து வருவதை எங்காவது இறக்கிவைக்க நல்ல ஃபில்டர் வேண்டும். வண்டி மாறாவிட்டாலும் அதற்குள் ஊற்றுவது மாறிவிட்டது. ஆலை விட்ட நிலையிலேயே வண்டியை வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படுகிறவர், ஆலை நினைத்தும் பார்க்காத எண்ணெயைத்தான் அதற்குள் ஊற்றுகிறார்.

இனி அது அதே வண்டியா என்ற கேள்வி. அரசாங்கம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவிலேயே பராமரிக்கப்பட்ட, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய அளவிலான மாற்றியமைப்புக்கு உட்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை விண்டேஜ் என்று ஏற்கிறது. புதிதாகப் பதிகிறவற்றுக்கு எண் பலகையில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. 1970-களின் தொடக்கத்தில் பதிவான புல்லட்டுகள் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. ‘பெரிய அளவிலான’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தத்துவம் முழுவதையும் திணித்துவிட்டு விதி நகர்ந்துவிடுகிறது. நடைமுறையில் வண்டியை வண்டியாக்குவது கிராங்க் கேஸிலும் சேசிஸிலும் குத்திய எண்கள்தான். ஆர்.சி. புத்தகத்தில் ஆயில் ஃபில்டருக்குக் கட்டம் இல்லை. சட்டத்தைப் பொறுத்தவரை ஃபெல்ட் இருந்தாலும் காகிதம் இருந்தாலும் ஒரே வண்டி. இந்த விடை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போதுமானது. எண் அழியாத கிராங்க் கேஸ் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாக வாங்கிப் பூட்டினாலும் அதே வண்டி என்று இந்த விடை ஒப்புக்கொள்ள நேரும் என்பது இதன் பலவீனம்.

தத்துவ மரபுகளின் விடைகள் வேறு. மணிமேகலைக் காப்பியத்தில் கதைத் தலைவி வஞ்சி நகருக்குப் போய்ப் பத்துச் சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைசேடிகர், சாங்கியர், நிகண்டர், ஆசீவகர், பூதவாதி என்று ஒவ்வொருவராக வந்து, பொருள் எதனால் ஆனது, எப்படி மாறுகிறது என்று விளக்குகிறார்கள். வஞ்சியைக் கரூர் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் பலர். சேர மன்னர் பெயர் பொறித்த புகளூர்க் கல்வெட்டுகள் கரூருக்கு அருகில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கில், பொருளும் பாகமும் பற்றிய தமிழின் மிகப் பழைய விவாத மேடைகளில் ஒன்று கொங்கு நாட்டில் அமைந்தது.

மேடையில் மிகக் கண்டிப்பானவர் வைசேடிகர். முழுமை என்பது பாகங்களின் வெறும் குவியல் இல்லை, பாகங்களில் தங்கியிருக்கும் தனியொரு பொருள் என்பது நியாய, வைசேடிக மரபின் கொள்கை. அவர்களுக்குப் பிடித்த உதாரணம் நூலும் துணியும். நூற்பாலைகளின் ஊரில் சொன்னால் யாருக்கும் புரியும். நூல்கள் சேர்ந்ததும் துணி என்ற புதுப்பொருள் பிறக்கிறது. ஒரு நூலை உருவினால் கறாராகப் பார்க்கும்போது அந்தத் துணி அழிந்துபோகிறது. எஞ்சிய நூல்களில் வேறொரு துணி தோன்றுகிறது. பார்க்கிறவருக்குப் பழைய துணி போலத் தெரிவது ஒப்புமையால்தான். இந்தக் கொள்கையை ஏற்றால் ஃபெல்ட்டைக் கழற்றிய நொடியில் பழைய புல்லட் முடிந்தது. நட்டுக்கு நட்டு ஆலை முத்திரை தேடும் சேகரிப்பாளர், தெரிந்தோ தெரியாமலோ வைசேடிகர். ஆனால் அவர் கொள்கை அவரையே கடிக்கிறது: எண்ணெய் மாற்றினாலும், டயர் தேய்ந்தாலும், பிரேக் கட்டையிலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்தாலும் வண்டி அழிந்து வேறு வண்டி பிறந்தாக வேண்டும். ஆலை வாசலைத் தாண்டிய எந்த வண்டியும் மூல வண்டியாக இருக்க முடியாது.

பௌத்தர் நேர் எதிர்த் திசையில் நிற்கிறார். கிரேக்க மன்னன் மிலிந்தனும் பிக்கு நாகசேனரும் நடத்திய உரையாடலில் தேர் உதாரணம் வருகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் இல்லை, எல்லாவற்றுக்கும் அப்பாலும் தேர் இல்லை, பாகங்கள் கூடிய இடத்தில் வழக்குக்காக வைத்த பெயர்தான் தேர் என்று முடிகிறது அந்த வாதம். தேரைப் பிரிக்காமலே மனத்தால் பிரித்துக் காட்டியவர் நாகசேனர். உண்மையாகவே பிரித்துப் போட்டவர் கோவையில் இருந்தார். 1893-ல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். கோவை ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 300 ரூபாய்க்கு அதே வண்டியை வாங்கினார் என்பது ஊரறிந்த வரலாறு. வாங்கியதும் அவர் செய்தது ஊர்சுற்றல் இல்லை. வண்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் பரப்பி, திரும்பப் பூட்டினார். தரையில் பரப்பிக் கிடந்தபோது அது ரட்ஜா? பௌத்தர் இல்லை என்பார். பூட்டிய பிறகு கிளம்பியது அதே ரட்ஜா? அதற்கு அவரிடம் இன்னொரு உதாரணம் உண்டு. இரவெல்லாம் எரியும் விளக்கின் முதல் யாமச் சுடரும் கடை யாமச் சுடரும் ஒன்றுமில்லை, வேறுமில்லை. ஒன்றைச் சார்ந்து மற்றது வருகிறது. புல்லட்டும் அப்படித் தொடர்ந்து வரும் ஓர் ஓட்டம். ஃபில்டரை மாற்றலாமா என்று கேட்டால் பௌத்தருக்கு ஆட்சேபம் இராது. எதை மாற்றினாலும் ஆட்சேபம் இராது என்பதுதான் சிக்கல். எஞ்சினைத் தூக்கிவிட்டு மின்மோட்டார் வைத்தாலும் அது ஓட்டத்தின் தொடர்ச்சிதானே.

நடுவழி சமணருடையது. இந்த வண்டியின் விஷயத்தில் அவர் சொல்வதே பொருந்துகிறது. கொங்கில் சமணம் வெறும் நூலறிவாக இருந்ததில்லை. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊரான சனகை, பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்று கொள்கிறார்கள். சமணர் கொள்கைப்படி உள்ளது எதுவோ அது மூன்றையும் ஒருசேரக் கொண்டது: தோன்றுகிறது, அழிகிறது, நிலைத்தும் நிற்கிறது. சமந்தபத்திரர் தம் ஆப்த மீமாம்சையில் சொன்ன பொற்குட உவமை இதை விளக்க எல்லாரும் எடுத்தாள்வது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடம் வேண்டியவர் அழுகிறார். முடி வேண்டியவர் மகிழ்கிறார். பொன் வேண்டியவருக்கு அழுகையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. மூன்று பேரின் உணர்ச்சிக்கும் பொருளில் காரணம் இருக்கிறது என்பதே சமந்தபத்திரரின் வாதம். ஒருவர்கூட மாயையில் இல்லை.

பட்டறை வாசலில் இந்த மூவரையும் பார்க்கலாம். ஃபெல்ட் போய்விட்டதே என்று முகம் வாடுகிறவர் ஒருவர். இனி கையில் கரி படாது என்று மகிழ்கிறவர் மற்றொருவர். மூன்றாமவர் கிக்கரை உதைத்து, அந்தப் பழைய ‘தட்-தட்’ வருகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்குமுன், இந்த வண்டியில் பொன் எது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் தொட்டியிலிருந்து கிளம்பி, சுத்தமாகி, பிக் எண்டை நனைத்து, தொட்டிக்கே திரும்பும் அந்தச் சுற்றே இங்கே பொன். ஃபெல்ட் அதன் ஒரு நிலை, காகிதம் இன்னொரு நிலை. பவணந்தியும் மொழி விஷயத்தில் இதே சமண நிதானத்தைக் காட்டியவர். சொல்லதிகாரத்தை முடிக்கும்போது, காலத்தோடு வழக்கில் தேய்ந்து போனவற்றையும் புதிதாக வந்து சேர்ந்தவற்றையும் பிழை என்று தள்ளாமல் ஏற்கச் சொல்கிறார். இலக்கணக்காரர் ஒருவர் அப்படிச் சொன்னபின், மோட்டார் சைக்கிள் பிரியர்கள் அவரைவிடக் கறாராக இருப்பதற்குக் காரணம் தெரியவில்லை.

இருந்தாலும் எல்லா மாற்றமும் சமம் என்று ஆகாது. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது, எந்த முறையில் என்ற விவரங்களை வகுத்த அனுபவம் கோயில் திருப்பணிக்கு நிறைய உண்டு. பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்கோ அவிநாசி லிங்கேசுவரர் கோயிலுக்கோ திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள். மூலவரின் கலைகளைக் கும்பத்திலோ மரப்பலகையிலோ எழுந்தருளச் செய்து தனியிடத்தில் வைத்துப் பூசையைத் தொடர்கிறார்கள். கல் பெயர்க்கப்படலாம், கோபுரச் சுதை புதுப்பிக்கப்படலாம், தளம் மாறலாம். நித்திய பூசை நிற்கக் கூடாது. ஒன்றாக இருக்கும் தன்மை கல்லில் மட்டும் இல்லை, அறுபடாத பணிவிடையிலும் இருக்கிறது என்பது இதன் உட்கிடை.

அதைவிட நுட்பமானது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டையும் சேர்த்து இடித்து, மூலவருக்கும் பீடத்துக்கும் இடையில் சாத்துகிறார்கள். அபிஷேக நீர் அடியில் இறங்காமல் காப்பது அதன் வேலை. மெக்கானிக் பார்வையில் அது கேஸ்கெட். காய்ந்து வெடிக்கும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டி எடுத்துப் புதிது சாத்துவது மரபு. பழைய மருந்தைச் சுரண்டியதால் மூலவர் வேறாகிவிட்டார் என்று எந்த ஆகமமும் சொன்னதில்லை. தேய்வதற்கென்றே வைத்த பாகம் என்று ஒன்று உண்டு. அது தேய்ந்து மற்றதைக் காக்கிறது. அஷ்டபந்தனம் அந்த இனம். ஃபெல்ட்டும் அந்த இனம். மாற்றப்படுவதற்காகவே பிறந்த பாகத்தை மாற்றுவது மூலத்துக்கு விரோதமாகாது.

டைமிங் கவரைத் துளைப்பது அந்த இனத்தில் சேராது. மூலவரின் திருமேனியில் உளி வைக்கிற காரியத்தோடு அதை ஒப்பிட்டால் பக்தர்கள் கோபிக்கக்கூடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கோபிக்க மாட்டார்கள். பழைய வாகன அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-13-ல் ஏற்ற தூரின் சாசனமும் இந்தத் திசையில்தான் பேசுகிறது: தவிர்க்க முடியாத மாற்றம் கண்ணை உறுத்தாததாக, திரும்ப எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய மூலப் பாகங்களை வண்டியோடு காப்பாற்றி வைக்க வேண்டும். காகித ஃபில்டரை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிட்டு ஃபெல்ட்டைப் போடலாம். மூடிக்குப் பதிலாகக் கடைந்த பாகத்தையும் கழற்றிவிடலாம். துளையைத் திரும்ப எடுக்க முடியாது. பற்றவைத்து அடைக்கலாம், அவ்வளவே.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. அது பொருளைப் பற்றியதில்லை, சிரமத்தைப் பற்றியது. கையில் கறை படிய ஃபெல்ட்டை அலசுவது ஒருவகை நோன்பு, அதைச் சுலபமாக்குவது நோன்பைக் கெடுப்பது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுத பூசையன்று டேங்கில் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் ஊரில் இந்த எண்ணம் வேடிக்கையாகத் தோன்றாது. கருவியைத் துடைத்து வைப்பதே அன்றைய வழிபாட்டின் முதல் பாதி.

கோயிலில் இதற்கும் முன்னுதாரணம் கிடைக்கிறது. அபிஷேக நீரை ஒரு காலத்தில் கிணற்றிலிருந்து கயிறு கட்டிச் சேந்தினார்கள். இன்று பல கோயில்களில் கோவையில் செய்த பம்பே அதை ஏற்றுகிறது. பூசை குறைந்துவிடவில்லை. ஒரே அர்ச்சகர் மூன்று கோயில்களைப் பார்க்கும் ஊர்களில், பம்ப் இல்லையென்றால் அபிஷேகமே நின்றிருக்கும். அதே கோயில் மண்டபத்தில் இன்னொரு இயந்திரமும் நிற்கிறது: சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும் மின்சார மேளம். அது வந்த இடத்தில் நாதசுரக்காரர் வரவேண்டிய தேவை போய்விட்டது, மணிக் கயிற்றை இழுக்க ஓடிவரும் பிள்ளைகளுக்கும் வேலையில்லை. இரண்டும் வசதிதான். பம்ப் மனிதரைச் சந்நிதிக்குச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்தது. மேளம் மனிதரை அங்கிருந்து விடுவித்து அனுப்பிவிட்டது.

ஃபில்டர் விஷயத்தில் இந்த வேறுபாடு கையால் தொட்டுப் பார்க்கக் கூடியது. டப்பா ஃபில்டர் சீல் வைத்த தகரம். உள்ளே அடைப்பு வந்தால் திறக்கும் வால்வு இருக்கிறது, வண்டி நிற்கும்போது எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் ரப்பர் இருக்கிறது. பொறியியலில் ஃபெல்ட்டைவிட மேலானது, சந்தேகமில்லை. ஆனால் அது எதைப் பிடித்தது என்று யாரும் பார்ப்பதில்லை. திருகிக் கழற்றி, கவிழ்த்து, குப்பையில் போட்டுவிட்டுப் புதிதைத் திருகுகிறார்கள். இரும்புத் தகடு உரிந்து உள்ளே கிடந்தாலும் தெரியாது. பிக் எண்ட் சத்தமிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியும். தகரத்தைச் சுற்றி அறுத்து, காகிதத்தை விரித்துப் பார்க்கும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்கள் வசதியை வாங்கிக்கொண்டு பார்வையை விட்டுக்கொடுக்காதவர்கள். அறுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்த்தால் ஃபெல்ட்டை அலசும் நேரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இராது.

இதனால் பழைய புல்லட்டுக்கு ஏற்றது முதல் வழிதான்: அதே அறை, அதே மூடி, உள்ளே திறந்த காகித மடிப்பு. மூடியின் கேஸ்கெட்டை ஒட்டிக்கொள்ளாத நல்ல ரப்பர் வளையமாக மாற்றிக்கொண்டால், கழற்றுகிற சிரமத்தில் பாதி போய்விடும். காகிதத்தையும் வெயிலில் விரித்துப் பார்க்கலாம். வெள்ளைக் காகிதத்தில் மினுமினுப்பு ஃபெல்ட்டைவிடத் தெளிவாகத் தெரியும். தனித்தொட்டி வண்டிகளுக்குத் திரும்பும் குழாயில் டப்பா ஃபில்டர் மாட்டுவதில் தவறில்லை. அவற்றுக்கு முன்பு இருந்தது கம்பி வலை மட்டுமே, இழப்பதற்கு ஒன்றுமில்லை. குழாயைத் திரும்ப இணைத்தால் பழையபடி ஆகிவிடும். துளைத்துச் செய்யும் மூன்றாவது வழியை எந்த லேத்காரர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்து தந்தாலும் ஒதுக்குவதே நல்லது.

கழற்றிய ஃபெல்ட் உருளையை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, பழைய வாஷர்களை வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து, சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு எண்ணெய்த் துணி சுற்றி வைக்க வேண்டும். டப்பாவின் மேல் வண்டி எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்கு உதவும். எந்த ஃபில்டரைப் பூட்டினாலும் சாவியைத் திருப்புவதற்குமுன் அறையில் எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் முனைக்கு எண்ணெய் போகும் வழியின் அடைப்புத் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். திருகின் ஓரத்தில் எண்ணெய் பொட்டாகத் துளிர்ப்பதைக் கண்ணால் கண்ட பிறகே அதை இறுக்கி, பிளக்கைப் பூட்டி, வண்டியைக் கிளப்பலாம்.